இந்த மாதப் பிணம்

"இந்த மாசம் என்னை ஏன் சார் கொல்லலை?"

அட்டை ஓவியர் தூரிகையை அந்தரத்தில் நிறுத்தினார். மாதா மாதம் வெளியாகும் துப்பறியும் நாவல்களுக்கு அட்டை வரைவது அவர் பிழைப்பு. ஒரு பெண்ணின் குளியல் துண்டை இன்னும் எவ்வளவு கீழே இறக்கினால் போலீஸ் வராது என்ற தீவிர யோசனையில் இருந்தார். மேலே ஒரு பெண், கீழே ஒரு பிணம், நடுவில் ரத்தம் சொட்டும் எழுத்தில் தலைப்பு. பதிப்பக முதலாளி வகுத்த சட்டம் அது. ஓவியர் ஒருநாளும் சட்டத்தை மீறியதில்லை.

நிமிர்ந்து பார்த்தார். ஏறு நெற்றி, மேலுதட்டை மூடிய மீசை, மூக்கோரம் மிளகு அளவு மச்சம். சந்தேகமே இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாக ஓவியர் தன் அட்டைகளில் கழுத்தை நெரித்து, மாடியிலிருந்து தள்ளி, பெட்டிக்குள் மடித்து வைத்த அதே ஆசாமி, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நிற்கிறார்.

"சார், சத்தியமா உங்களை நான் பார்த்ததே இல்லை. கேஸ் கீஸ்னு போயிடாதீங்க. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"நான் எதுக்கு சார் கேஸ் போடறேன்?"

வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து நாவல்களை எடுத்து, வர்ணக் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டு மேசையில் பரப்பினார்.

"இதோ, தொட்டியில மிதக்கறது நான். இது டெலிபோன் ஒயர்ல. இது ரொம்ப நல்லா வந்திருக்கு சார், நாக்கு தத்ரூபம். இதுல விஷம். சரி, இப்ப இந்த மாசத்தைப் பாருங்க!"

புது நாவலின் அட்டையில், கைத்துப்பாக்கி பிடித்த சிவப்பு நகக்காரியின் காலடியில் கிடந்தவன் வேறு ஒருவன். சுருட்டை முடி. கன்னத்தில் குழி. பொத்தான் திறந்த சட்டைக்குள் அகன்ற மார்பு.

"யாரு சார் இவன்?"

"எனக்கென்ன தெரியும்? கேப்டன் சொன்னாரு, வரைஞ்சேன்."

கேப்டன் என்பது அந்த நாவல்களை எழுதுகிறவரின் புனைபெயர். முதலாளியைத் தவிர யாரும் அவரைப் பார்த்ததில்லை. ராணுவத்தில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தவர் என்பார் பைண்டர். காலெல்லாம் இருக்கிறது, ஆள்தான் ஜெயிலில் இருக்கிறார் என்று அடித்துச் சொல்வார் கணக்கர்.

"பொண்ணை எப்படி வேணும்னாலும் வரைஞ்சுக்கட்டும், பிணம் மட்டும் நான் சொல்றபடிதான் இருக்கணும்னு முதலாளிகிட்ட கறாரா சொல்லிடுவாராம்," என்றார் ஓவியர். "ஒரு தடவை உங்க மச்சம் வலப்பக்கம் போயிடுச்சு. அட்டையையே திருப்பி அனுப்பிட்டாரு."

"மச்சத்துக்காகவா?" வந்தவர் முகம் மலர்ந்தது. மூக்கோரத்தை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். உடனே வாடிப்போனார். "அவ்வளவு தூரம் கவனிச்சுட்டு, திடீர்னு இப்படி விட்டுட்டா எப்படி சார்?"

ஓவியருக்கு விஷயம் பிடிபட்டது. அவர் வரைந்த பெண்களைப் பார்த்து மயங்கியவர்கள் உண்டு. பிணத்தின் புகழுக்கு மயங்கியவரை இப்போதுதான் பார்க்கிறார்.

"புரியுது சார். போற இடமெல்லாம் நாலு பேரு அடையாளம் கண்டு பேசியிருப்பாங்க. அது நின்னு போனா கஷ்டமாத்தான் இருக்கும்."

"பேசினாங்களா? பிணம் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டாச்சான்னு தினமும் எங்க மேனேஜர் கேப்பாரு. பஸ்ல ஒரு குழந்தை என்னைப் பார்த்து வீல்னு கத்திச்சு. எனக்கும் முதல்ல பத்திக்கிட்டுத்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். இவ்வளவு பெரிய உலகத்துல ஒரு ஜீவன் எனக்குன்னு உட்கார்ந்து, இந்த ஆளை எப்படித் தீர்த்துக்கட்டலாம்னு மாசம் பூரா மண்டையை உடைச்சுக்குது. லேசுப்பட்ட விஷயமா சார் அது?"

கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே அச்சு இயந்திரம் ஓடும் அதிர்வில் மேசையில் பரப்பிய பிணங்கள் எல்லாம் லேசாக நடுங்கின.

உயிரோடு இருக்கிறோமே என்று ஒரு மனிதர் கலங்குவதை ஓவியரால் பார்க்க முடியவில்லை.

"அழாதீங்க சார். அடுத்த மாச அட்டையில இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு. கேப்டனுக்குத் தெரியாம, ஓரத்துல உங்களையும் சாகடிச்சுடறேன்."

"வேண்டாம் சார்." வந்தவர் தலையை ஆட்டினார். "அதெல்லாம் தானா வரணும். கேட்டு வாங்கறதுல என்ன இருக்கு?"

"அப்ப ஒண்ணு செய்வோம். முதலாளி கையைக் காலைப் பிடிச்சு கேப்டன் விலாசத்தை வாங்கித் தரேன். நேரா வீட்டுக்கே போய், இந்தச் சுருட்டை முடிக்காரன் யாருன்னு முகத்துக்கு நேரா கேட்டுடுங்க."

வந்தவர் நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தார். சுருட்டை முடிக்காரனை மட்டும் குப்புறப் போட்டுவிட்டு எழுந்தார்.

"கேட்டாச்சு சார். வெறும் கற்பனைங்கறா, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறா. கல்யாணமான நாள்லேருந்து என்னைத் தவிர இன்னொரு ஆம்பளையைக் கொல்லணும்னு அவ நெனைச்சதே இல்லை சார்!"