நடுவுல ஒரு இடம்

"இன்னும் சரியா வரலை. நடுவுல ஒரு இடம் இடிக்குது. போ, இன்னொரு தடவை வாசி."

சமையலறைத் தொட்டியில் பாத்திரங்களோடு மல்லுக்கட்டியபடியே மாமனார் சொன்னதும், மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலமெல்லாம் பஸ் ஓட்டியவருக்கு வயோலாவைப் பற்றி என்ன தெரியும்? இன்றுவரை அதை 'பெரிய வயலின்' என்றுதான் சொல்கிறார்.

ஆனால் அடுத்த வாரம் தேர்வு. பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் தனியாக வாசிக்க வேண்டும். தேறினால், குழந்தை பிறந்தபோது விட்டுவிட்டு வந்த இசைக்குழுவில் திரும்பவும் இடம் கிடைக்கும்.

முணுமுணுத்துக்கொண்டே போய், நடுப்பகுதியை மட்டும் மெதுவாக வாசித்துப் பார்த்தாள். அட! தடித்த தந்திக்கு இறங்கும்போது வில்லை அழுத்திவிடுகிறாள். நாதம் கரகரக்கிறது.

சரிசெய்துவிட்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இப்போ எப்படி மாமா?"

தலையை மட்டும் திருப்பினார். "தேவலை. ஆனா நடுவுல அவசரப்படுறே. போ."

திரும்பப் போய் வாசித்தாள். நிஜம்தான். சோகமான வரி முடிவதற்குள் அடுத்ததற்குத் தாவுகிறாள். ஒரு மூச்சு நிதானித்து வாசித்ததும் அந்த இடத்துக்கு உயிரே வந்துவிட்டது.

இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு ஞானமா! எரிச்சல் போய் ஆச்சரியம் வந்தது. கணவனிடம் கேட்டாள்.

"அப்பாவா? ஹாரன் சத்தத்தைத் தவிர வேற எதையும் அவர் ரசிச்சு நான் பார்த்ததில்லையே!"

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், சோதித்துத்தான் பார்ப்போமே என்று தோன்றியது. வயோலாவைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு சமையலறைக்கு வந்தாள்.

"எப்படி இருந்துச்சு மாமா?"

"நல்ல முன்னேற்றம். நடுவுலதான் இன்னும் கொஞ்சம்... போ, இன்னொரு தடவை."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் வாய்க்கு வந்ததையா சொல்லிக்கொண்டிருந்தார்? கிட்டப் போய் அவர் தோளைத் தொட்டாள்.

"மாமா, நான் இன்னிக்கு வாசிக்கவே இல்லை!"

அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஜன்னலில் கழற்றி வைத்திருந்த காது மிஷினை எடுத்து மாட்டினார்.

"தண்ணி பட்டா கெட்டுடும்மா, அதான் கழட்டிட்டேன். என்ன சொன்னே?"

அவள் திரும்பச் சொன்னாள். வசமாக மாட்டிக்கொண்டவர், அசட்டுச் சிரிப்புடன் அடுத்த தட்டை எடுத்தார்.

"என்ன பண்றது? நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, நீ உடனே அதை மூடி வச்சிட்டுப் பாத்திரம் தேய்க்க வந்துடுவியேம்மா!"