மூன்று பேட்டரியும் காலி

ஸ்க்ரூ பாதி இறங்கியதும் டிரில் முக்கிக்கொண்டு நின்றது.

செல்லப்பன் விரலை எடுத்து மறுபடி அழுத்தினான். உர்ரென்று ஒரு முனகல். அவ்வளவுதான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டினான். அதுவும் முனகியது. மூன்றாவதை மாட்டுவதற்கு முன் அதன் பொத்தானை அழுத்திப் பார்த்தான். நான்கு புள்ளி எரிய வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் மினுக்கி அணைந்தது.

டிரில், ரம்பம், சுவர் துளைக்கும் மிஷின் எல்லாவற்றுக்கும் இந்த மூன்று பேட்டரிதான். எதை எதில் போடுவது, எதைக் கடைசிவரை காப்பாற்றி வைப்பது என்று அவன் ஒரு கணக்கு வைத்திருந்தான். மூன்றும் சார்ஜ் ஏறி வந்தால்தானே அதெல்லாம்?

கீழப்பழுவூரில் அந்தப் புது வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. சார்ஜர் அவன் வீட்டில் இருந்தது. விடிந்தால் இங்கே பால் காய்ச்சுகிறார்கள். சமையலறை அலமாரியின் கதவுகள் அத்தனையும் தரையில் கிடந்தன. கையால் முறுக்கி மாட்டுகிற வேலையும் இல்லை.

வீட்டுக்கார அம்மா நர்மதா எட்டிப் பார்த்தார். போனை எடுத்து, பெரம்பலூரில் நல்ல கார்பென்டர் யாராவது உண்டா என்று அவன் காதுபட விசாரித்தார்.

செல்லப்பன் வெளியே வந்து மனைவியைக் கூப்பிட்டான்.

"பேட்டரிய சார்ஜ்ல போடுன்னு சொல்லிட்டுத்தானடி நேத்து ஜெயங்கொண்டம் போனேன்?"

"மறந்துட்டேங்க" என்றாள் வேணி.

அந்த நிதானத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கொஞ்சம் பதறியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான்.

பைக்கை எடுத்தான். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஒன்றை முந்தினால் முன்னால் இன்னொன்று. வாயெல்லாம் புழுதி. சொன்ன ஒரு வேலை, ஒரே ஒரு வேலை, அதைக்கூடச் செய்யத் துப்பில்லை என்று ஆரம்பிக்க வேண்டும். அதற்குமேல் என்னென்ன கேட்பது என்று ஊர் வரும்வரை அடுக்கிக்கொண்டே வந்தான்.

வீட்டில் வேணியைக் காணவில்லை. ஒரு பேட்டரியைச் சார்ஜரில் சொருகிவிட்டு, பெயரைச் சொல்லிக் கத்தினான். கொல்லைப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

வேகமாகப் போனவன் அப்படியே நின்றான்.

குளியலறைக்குக் கதவு இருந்தது.

நேற்றுக் காலைவரை பழைய பிளக்ஸ் பேனர் தொங்கிக்கொண்டிருந்த இடம் அது. ராத்திரி இருட்டித் திரும்பியவன் கொல்லைப் பக்கம் வரவேயில்லை. அவன் வேலையில் மிஞ்சியதென்று கொண்டுவந்து போட்டிருந்த பிளைவுட் துண்டுகளை ஒட்டுப்போட்டு யாரோ கதவாக்கியிருந்தார்கள். ரம்பம் போன வழி கோணல்மாணலாக இருந்தது. கீல் மாட்டச் சுவரில் கண்ட இடத்திலெல்லாம் துளை. பாதித் துளைகள் தப்பாகப் போட்டு விட்டவை. ஆனாலும் கடைசியில் கீல் பிடித்திருந்தது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

மூன்று பேட்டரியும் எங்கே காலியாயின என்று தெரிந்துவிட்டது.

கதவை இடிக்கக் கையை ஓங்கினான்.

"யாரு?"

"நான்தான்."

"இருங்க, குளிச்சிட்டு வரேன்."

அவசரமே இல்லாத குரல். செம்பு செம்பாகத் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது.

செல்லப்பன் ஓங்கிய கையை இறக்கினான். அவன் தினமும் குளிப்பது வயல் பம்புசெட்டில். வேணி விடியும் முன் குளிப்பாள், இல்லையென்றால் இருட்டிய பிறகு. அது அவள் பழக்கம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தான்.

வெயில் உச்சியில் இருந்தது.