கொஞ்சம் வெளியே இருங்க

ஊரார் வீட்டுப் பெரியவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தே சமூகப்பணிப் பேராசிரியர் ஆனவள் ஜெனிலா. அன்றைய பேட்டிக்காகத் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இறங்கியதும் நாசரேத்திலிருந்து அம்மா போன் செய்தாள்.

"ஏளா, தனியா எந்திரிக்கக்கூட முடியல. ஒரு ஆளயாவது அனுப்பேன்."

"அனுப்புதேம்மா" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பேட்டி எடுக்கப் போன வீட்டில், படுக்கையில் கிடந்த சந்தியாகு தாத்தாவுக்கு, மூக்கில் ஒற்றை முத்துப் போட்ட இளம்பெண் ஒருத்தி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொள்கிறவர் பக்கத்தில் இருந்தால் பெரியவர்கள் உண்மை பேசமாட்டார்கள் என்பது ஜெனிலா வகுப்பில் நடத்தும் முதல் பாடம்.

"நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா."

அந்தப் பெண் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"இப்ப சொல்லுங்க தாத்தா. மருமக நல்லா பாத்துக்கிடுதாளா?"

கிழவரின் பார்வை வாசலை விட்டு அகலவில்லை. "மருமவளா? அவ என் பொண்டாட்டி. தலைப்பிரசவத்துல செத்தவ. என்ன விட்டுப் போவ மனசில்லாம இங்கனயே இருந்தா. நீ ஏம்மா அவள வெளிய போவச் சொன்ன?"

ஜெனிலா வாசலுக்கு ஓடினாள். தெருவில் யாருமில்லை. கையிலிருந்த போன் அடித்தது.

"ஏளா, நீ அனுப்புன பிள்ள வந்துட்டா." அம்மாவின் குரலில் அத்தனை நிறைவு. "மூக்குல முத்துப் போட்டிருக்கா. கஞ்சி ஊட்டுதா. இனி யாரு சொன்னாலும் வெளிய போவ மாட்டாளாம்."