பக்கத்து வீட்டுப் பரங்கி

பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது என்றோ, எண்ணக் கூடாது என்றோ புருஷோத்தமனின் அப்பா ஏதோ சொல்வார். எது என்று சரியாக நினைவில்லை. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளின் பரங்கிக்காய்களைத் தினமும் மாடியிலிருந்து விரல் நீட்டித்தான் எண்ணினார் புருஷோத்தமன்.

"அந்தப் பெருசைப் பாத்தியா? பழைய புடவையில தூளி கட்டித் தொங்க விட்டிருக்கா."

"கனமா இருந்தா கட்டத்தானே செய்வாங்க" என்றாள் மனைவி கன்னியம்மாள்.

"நம்ம கொடிக்கு மட்டும் என்ன கேடு? பூவாப் பூத்துத் தள்ளுது. பிஞ்சு வந்தா மஞ்சளாகி விழுந்துடுது."

உப்பளம் பகுதியில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். நடுவில் மார்பளவு மதில். இரண்டு வீட்டுக் கொடிகளும் அதன்மேல்தான் பின்னிக் கிடந்தன.

மகள் கவிநிலாவுக்கு இது தலைப்பொங்கல். 'வரிசையில வர்ற பரங்கி நம்ம கொடியில காய்ச்சதா இருக்கும் சம்பந்தி' என்று கதிர்காமத்துச் சம்பந்தியிடம் வாய் நிறையச் சொல்லிவிட்டார். கடையில் வாங்கிப் போனால் சிரிப்பார்கள். குஞ்சம்மாளிடம் கேட்கவோ நாக்கு எழாது.

ஒன்றில் மட்டும் அவர் கை ஓங்கியிருந்தது. மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டை வைத்துப் பரங்கிப் பூ செருகுவதில் தெருவிலேயே கன்னியம்மாள் வாசல்தான் முதல். பிஞ்சோடு நிற்கும் பூவை மட்டும் விட்டுவிட்டு, மலர்ந்ததையெல்லாம் விடியும் முன்பே பறித்துக் கொடுத்துவிடுவார். குஞ்சம்மாள் வாசலில் ஒற்றைப் பூதான்.

"கோலத்துக்குக் கூடப் பூ வைக்க மனசு வரல பாரு" என்பார் மனைவியிடம்.

அன்று காலை எட்டிப் பார்த்தவருக்குச் சுருக்கென்றது. குஞ்சம்மாள் மதிலில் சாய்ந்து, அவர் கொடிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"புள்ள இல்லாதவ கண்ணுன்னு சொன்னதுக்கு என்னைத் திட்டுனியே. இப்பக் கையே வைக்கிறா" என்று மனைவியிடம் சீறிவிட்டு மதிலருகே போனார்.

"குஞ்சம்மா, எங்க கொடியில உனக்கு என்ன வேலை?"

அவள் விரல்களுக்கிடையில் இதழ் கிள்ளிய பூ ஒன்று இருந்தது.

"இது எங்க கொடிப் பூண்ணே. ஆண் பூ."

"அதுக்கு?"

"உங்க கொடியில ஆண் பூவே மிஞ்சறதில்ல. எல்லாம் வாசலுக்குப் போயிடுது. பிஞ்சோட நிக்கறது பொட்டப் பூ. இந்த மகரந்தம் அதுல படலன்னா காய் நிக்காது. இங்க தேனீயும் காணோம். அதான் எங்க பூவைக் கொண்டாந்து, கை எட்டுற வரைக்கும் தொட்டு விடறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"அண்ணி கோலத்தைப் பாத்துப் பொறாமையில சொல்றேன்னு நெனச்சிட்டீங்கன்னா?"

புருஷோத்தமனுக்கு முகம் கறுத்தது. ஆனாலும் விடவில்லை.

"தொட்டு விட்டியே, ஒண்ணாவது காய்ச்சுதா?"

"காய்க்காம என்ன? அந்தத் தூளியில இருக்கறதோட தண்டைப் புடிச்சுக்கிட்டே வாங்க."

எக்கிக் கையை நீட்டி இலைகளுக்கு நடுவே தண்டைத் தடவிக்கொண்டே வந்தார். அது மதில் ஏறி, இந்தப் பக்கம் இறங்கி, அவர் விதை ஊன்றிய குழியில் வந்து நின்றது.

"உங்க காய்தாண்ணே அது. கவிநிலா வரிசைக்குன்னுதான் தூளி கட்டினேன். பொங்கலுக்குள்ள இன்னும் பெருக்கும்."

வரிசை கிளம்பிய அன்று, பரங்கிக்காய்த் தட்டைக் குஞ்சம்மாள்தான் ஏந்தி வர வேண்டும் என்று புருஷோத்தமன் சொல்லிவிட்டார்.