பொன்னாடைக்கு அடுத்து கேடயம்

ராஜபாளையத்து மண்டபத்தில், பெங்களூர்க்காரனுக்குக் கொடுக்க வேண்டிய நினைவுக் கேடயத்தால் ஷீனா அவன் மண்டையிலேயே ஓங்கி அடித்தாள்.

பொன்னாடை போர்த்தியாயிற்று. அடுத்து கேடயத்தைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் அவன் மைக்கைப் பிடித்துவிட்டான்.

உள்ளூர்ப் பெண் இன்பத்தின் கம்பெனியைத் தங்கள் நிறுவனமே வாங்கிவிட்டதாம். அவளும் ஆட்களும் அடுத்த மாதம் பெங்களூருக்கு வந்துவிடுவார்களாம். எல்லாம் இங்கிலீஷில்.

கூட்டம் கைதட்டியது. மடச் சாம்பிராணிகள், எதற்குத் தட்டுகிறோம் என்று தெரிந்தா தட்டினார்கள்?

பேண்டேஜ் துணியில் இழை விட்டுப்போன இடத்தைக் கேமரா வைத்துக் கண்டுபிடிக்கும் மிஷின் இன்பத்துடையது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்களைச் சேர்த்து ஷீனா நாயாய்ப் பேயாய் அலைந்து வளர்த்த ஸ்டார்ட்அப் சங்கத்தில் மிச்சமிருந்தது அவள் கம்பெனி ஒன்றுதான். தலையெடுத்த மற்றதையெல்லாம் இப்படித்தான் எவனாவது வந்து கொத்திக்கொண்டு போனான். ஆரம்ப காலத்து ஆட்கள் ஒருவர்கூட இப்போது இல்லை.

இவனாவது பணம் போட்டு இன்பத்தை ஊரிலேயே நிறுத்துவான் என்று நம்பித்தான் கூப்பிட்டிருந்தாள். இனி சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

இரண்டாவது அடியில் கேடயத்தின் கட்டை பிளந்தது. அவன் சரிந்து விழுந்தான். பொன்னாடையில் ரத்தம் சொட்டியது.

ஷீனா விடவில்லை. கீழே கிடந்தவன் விலாவில் மிதித்தாள். பிடிக்க வந்த மண்டபத்துக் காவலாளி முத்துப்பாண்டியின் கையைக் கடித்தாள். அலறிக்கொண்டு ஓடிவந்த இன்பத்தை நாற்காலிகள் மேல் தள்ளிவிட்டாள். கொன்றே போடலாம் என்றுதான் அவளுக்கு இருந்தது.

அவன் ஒரு கையைக்கூட ஓங்கவில்லை. முகத்தை மட்டும் மூடிக்கொண்டான்.

யாரோ போலீஸுக்குப் போன் போட்டார்கள்.

அதைப் பார்த்ததும் அவன் தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்து, வேண்டாம் என்று கையைக் காட்டினான். காலையிலிருந்து மேடம், மேடம் என்று பேசியவன், வாயில் ரத்தம் ஒழுக ஷீனாவைப் பார்த்தான்.

"போதும்க்கா, ஒன் கை வலிக்கப் போவுது. நான் வந்தேன்னு அம்மாட்ட மட்டும் சொல்லிராத."

மண்டபம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

தம்பி ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் அவள் இந்தச் சங்கத்தையே ஆரம்பித்தாள். முதலில் போனவனும் அவன்தான்.