கடைசி பெஞ்சில் ஒரு டம்ளர் தண்ணீர்

அம்பத்தூர் எஸ்டேட்டின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்கிறது. ஐந்தாம் வகுப்பில் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ஓட்டின் நடுவே பதித்த கண்ணாடி வழியாக விழும் வெயில், கடைசி பெஞ்சில் இருக்கும் ஹில்டாவின் சூம்பிய கால்களின் மேல் கிடக்கிறது. கன்னியம்மா ஆயா பானையில் மொண்டு வந்த டம்ளரை நீட்டியபடி நிற்கிறாள். இரண்டு வருடமாக இந்தப் பெண்ணைக் கக்கூசுக்குத் தூக்கிப் போய் வருபவள் அவள்தான். நாளை முதல் அவளுக்கு ஆவடிப் பள்ளியில் வேலை. இங்கே வரப்போகும் ஆயாவுக்குக் கூட்டுவதும் மணியடிப்பதும்தான் வேலை, பிள்ளை தூக்குவது இல்லை என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார்.

"குடிடி. உதடு வெடிச்சுக் கீது பாரு."

"வேணாம் ஆயா. நேத்து மூணு மணி வரைக்கும் தாங்கிட்டேன். இன்னிக்கு நாலு மணி வரைக்கும் பழகணும்."

"நீ இன்னா ஒட்டகமா?"

ஹில்டா சிரிக்கிறாள். உதட்டு வெடிப்பில் ரத்தம் பொட்டாகக் கசிகிறது. "பாவாடைய நனைச்சுக்கினு வந்தா இஸ்கூலே வேணாம், ஊட்லயே கெடன்னு அம்மா சொல்லிட்டாங்க."

ஆயா முந்தானை நுனியை டம்ளர் தண்ணீரில் நனைத்து அவள் உதட்டை ஒற்றுகிறாள். ஒரு சொட்டும் உள்ளே போய்விடாதபடி ஹில்டா வாயை இறுக மூடிக்கொள்கிறாள். மிச்சத் தண்ணீரை ஆயா ஜன்னலுக்கு வெளியே ஊற்றுகிறாள்.