கட்டாது என்று சொல்லாத கடைக்காரர்

பைக்கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் அம்மா ஒரு சக்கரப்பெட்டியின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள். பக்கத்தில் மகள் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். ஓட்டப்பந்தயத்தில் அவள் ஜெயித்தபோது இந்தத் தெருவே அவளைத் தோளில் தூக்கியது. பயிற்சியாளர் போட்ட ஊசி சோதனையில் தெரிந்ததும் பதக்கம் போனது, தெருவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊசி தந்த ஆண்குரல் மட்டும் போகவில்லை. அதனால் வெளியே வந்தால் அவளுக்கும் சேர்த்து அம்மாதான் பேசுகிறாள். "ரெண்டாயிரம்க்கா. ஒரு பைசா குறையாது," என்கிறார் கடைக்காரர். "ஜிப்பு பல்லை இளிக்குது, இதுக்கா தம்பி ரெண்டாயிரம்?" "பல்லைப் புடிச்சுப் பாத்து வாங்க இதென்ன மாடாக்கா?" மகளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பழைய துடுக்கில் வாயைத் திறக்கிறாள். "ஆயிரத்து ஐநூறுன்னா குடுங்கண்ணே." குடை பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி, "அந்த ஊசிப் பொண்ணு," என்று மனைவியின் காதில் சொல்கிறார். அது எல்லோர் காதிலும் விழுகிறது. மகள் தரையைப் பார்க்கிறாள். கடைக்காரர் தூசியில்லாத பெட்டியைத் துடைக்கிறார். "சரிம்மா, எடுத்துக்கோங்க." ஒரு முனகல் இல்லை, வாங்கின விலைக்கே வரவில்லை என்கிற வழக்கமான பொய்கூட இல்லை. அம்மா பர்ஸைத் திறக்காமல் நிற்கிறாள். "கட்டாதுன்னு ஒரு வார்த்தையாவது சொல்லுங்க தம்பி," என்கிறாள் மெல்ல. "எல்லார்கிட்டயும் சொல்லுவீங்கள்ல."